பக்கத்து வீட்டுப் பூப்பாத்தி

கிள்ளான் காப்பார் சாலையை ஒட்டிய அந்தத் தாமான் குடியிருப்பில் ரமணியின் வீட்டைக் கண்டுபிடிக்க யாருக்கும் எண் தேவைப்பட்டதில்லை. எண் இருந்தும் பிரயோசனம் இல்லை என்பது வேறு விஷயம். நான்கு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது என்று வீடு கட்டியவன் பதினான்கை விட்டுவிட்டுப் பன்னிரண்டு ஏ என்று போட்டுவிட்டான். அதனால் கேஸ் லோரிக்காரனிலிருந்து பார்சல் கொண்டுவரும் பையன்கள் வரை எல்லோரும் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிவார்கள். அப்போது அக்கம்பக்கத்தில் யாராவது கை நீட்டுவார்கள். "பூ வீடா? அதோ." மலாய்க்காரர்கள் "ரூமா பூங்ஙா" என்பார்கள். அவர்கள் மொழியில் வீட்டுக்கு ரூமா, பூவுக்குப் பூங்ஙா என்று பெயர். காதில் விழும்போது நம்முடைய பூங்கா மாதிரியே இருக்கும். நாலடி அகல மண்ணைப் பூங்கா என்று ஊரே சொல்கிறதே என்று ரமணிக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அந்தப் பெயர் அவளுக்கு எப்பேர்ப்பட்ட பெயர் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆறு பெண்களில் நான்காவதாகப் பிறந்தவள் ரமணி. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் அப்பா மூத்தவர்கள் மூன்று பேர் பெயரையும் சொல்லி முடித்து, சில நாள் இளையவள் பெயரையும் சேர்த்துச் சொல்லி, கடைசியில் "ஏய், நீதான், வா" என்பார். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தியின் தங்கை. கல்யாணம் ஆனதும் குரு பெண்டாட்டி. இருபத்தெட்டு வருடம் அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் உதவியாளராக இருந்தாள். குழந்தைகளை எடை போடுவாள்; மலாய் புரியாத தமிழ்த் தாய்மார்களுக்கு நர்ஸ் சொல்வதைத் தமிழில் சொல்வாள். அங்கேயும் "அக்கா, இங்க வாங்க" என்பதோடு சரி. ஐம்பத்தைந்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த அன்று கையில் கொடுத்த நினைவுக் கேடயத்தில் கடைக்காரன் 'ரமணன்' என்று பொறித்திருந்தான். அதை அவள் இன்றுவரை அலமாரியில் திருப்பித்தான் வைத்திருக்கிறாள்.

ஆக, இந்தப் பூமியில் அவளுக்கே அவளுக்கென்று கிடைத்த பெயர் ஒன்றே ஒன்று, பூ வீடு. சும்மா கிடைக்கவில்லை. குடிவந்த புதிதில் வாசலில் வீடு கட்டியவன் கொட்டிப் புதைத்த சிமெண்டுக் கட்டிகளை மண்வெட்டியால் கொத்திக் கொத்தி எடுத்து, உள்ளங்கை காய்த்துப்போய்ச் சம்பாதித்தது. ஐந்து நிறத்தில் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, மல்லிகை, வேலி நெடுக காகிதப்பூ. தரையில் இடம் போதாமல் பெயிண்ட் டின்களிலும் மைலோ டின்களிலும் வளர்ந்து நின்றன. விடிந்தும் விடியாமலும் பூஜைக்குப் பூப் பறிக்கப் பிளாஸ்டிக் பையோடு மூன்று பெண்கள் வருவார்கள். கோவிலுக்கு ஒரு பை தனியாகப் போகும். "எடுத்துக்குங்க, சாமிக்குத்தானே" என்று ரமணி படியில் நின்று ராணி மாதிரி சொல்வாள்.

பதினாறாம் எண் வீட்டுக்கு தஸ்லீமா குடிவந்தது போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு. புருஷன் பர்வேஸ் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவன். லிட்டில் இந்தியாவில் மாமாவின் துணிக்கடையில் இருக்கிறான். காலையில் போனால் கடை மூடித்தான் வருவான். தஸ்லீமா கீழக்கரைப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம். மலாயில் அவளுக்குத் தெரிந்தது நன்றி சொல்லவும் விலை கேட்கவும்தான். கைக்குழந்தை ஒன்று, ஜைத் என்று பெயர். கேஸ்காரனிடம் பேசவேண்டும் என்றாலும் சரி, தண்ணீர் ஆபீஸ் கடிதத்தைப் படிக்கவேண்டும் என்றாலும் சரி, வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பி "அக்கா!" என்பாள். ரமணியும் ஓடிப்போய் நிற்பாள். பழைய உத்தியோகம் அல்லவா? வாய்க்கு வேலை கிடைத்ததில் அவளுக்கும் சந்தோஷம்தான்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே இருந்தது. கெடுத்தது ஒரு தண்ணீர்க் குழாய்.

ஒருநாள் காலை தஸ்லீமா தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாயை எடுத்து வாசல் மண்ணில் நீளமாகப் போட்டாள். கேட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தாள். உள்ளே வந்து குழாயைக் காலால் கொஞ்சம் நெளித்தாள். மறுபடி வெளியே போனாள். மறுபடி நெளித்தாள். செம்பருத்திக்குப் பின்னால் நின்று ரமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாம்மா, ஓஸ் பைப்புக்கு டான்ஸ் கத்துக் குடுக்குறியா?"

தஸ்லீமா சிரித்தாள். "பாத்தி போடப் போறேன் அக்கா. ஓரம் வளைவா வரணும். நேர்கோடா இருந்தா பாக்குறவுக கண்ணு டக்குனு முடிஞ்சு போயிரும். வளைவா இருந்தா ஓடிக்கிட்டே இருக்கும்."

யூடியூப்பில் பார்த்தாளாம். குழந்தையை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டே நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தாள். குழாய் நெளிந்த வழியே மண்ணைக் கீறி, பழைய செங்கற்களைச் சாய்த்துச் சாய்த்துப் பாதி புதைத்தாள். பின்னால் உயரமாகச் சிவப்பு இட்லிப்பூ, நடுவில் வெள்ளையும் ரோஸுமாக நித்தியகல்யாணி, முன்னால் தரையோடு தரையாகப் பத்துமணிப்பூ. எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தாள். பர்வேஸ் ஒரு செங்கல்கூடத் தூக்கிக் கொடுக்கவில்லை. ரமணிக்குத் தாங்க முடியாமல் போனது எதில் தெரியுமா? செடிக்கும் செடிக்கும் நடுவில் அவள் சும்மா இடம் விட்டாள். ஒரு சாண் மண் கிடைத்தாலும் ஒரு டின்னை வைத்துவிடுகிற ரமணிக்கு அது அகம்பாவமாகத் தெரிந்தது. "இடம் வழியுது பாரு அவளுக்கு" என்று வீட்டுக்குள் வந்து பொருமினாள். குரு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இரண்டே மாதத்தில் அந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. நிரம்பியது என்றால் எப்படி! ஒன்றை ஒன்று மறைக்காமல், படி வைத்த மாதிரி, பின்னால் சிவப்பும் நடுவில் வெள்ளையும் முன்னால் மஞ்சளுமாக. நடைக்குப் போகிற சீனக் கிழவர் நின்று போனில் படம் எடுத்தார். எதிர்வீட்டு மலாய்க்கார டீச்சர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி "சந்தேக்னியா!" என்றாள், எவ்வளவு அழகு என்று. இருபத்திரண்டு வருடமாக அதே டீச்சர் ரமணியின் வாசலைத் தாண்டித்தான் போகிறாள். ஒருநாளாவது கண்ணாடி இறங்கியிருக்குமா? ரமணிக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாசூக்கான வேறு வார்த்தை தேடுவதில் அர்த்தமில்லை, வயிறுதான் எரிந்தது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரமணியின் பூக்கள் காலை ஏழு மணிக்குள் சாமிக்குப் போய்விடும். அதற்கப்புறம் அவள் வாசலில் இருப்பது வெறும் இலை. தஸ்லீமா வீட்டில் பூப் பறிக்கிற வழக்கமே கிடையாது. பூத்தது பூத்தபடி பொழுது சாயும் வரை நிற்கும். பதினோரு மணி வெயிலில் தெருவுக்குள் வருகிறவன் கண்ணுக்கு எது பூ வீடாகத் தெரியும்?

"சாமிக்கும் போகாம, தலையிலயும் வைக்காம, சும்மா நின்னு வாடுற பூவு. அதுக்கு இந்தப் பெருமையா?" என்றாள் குருவிடம்.

"உனக்கு என்ன வந்துச்சு? அது அவங்க வீட்டுப் பூவு லா" என்றான் குரு.

"நீங்க பேசாதீங்க."

அந்த வாரமே அது நடந்தது. ரமணி ஆன்லைனில் வாங்கிய சமையலறைத் தட்டு வரவேண்டிய நாள். வழக்கம்போல முகவரியோடு 'ரூமா பூங்ஙா' என்று போட்டிருந்தாள். மதியம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தஸ்லீமா ஒரு பெட்டியை நீட்டினாள்.

"அக்கா, உங்க பார்சல். அந்தப் பையன் எங்க வீட்டுலயே குடுத்துட்டுப் போயிட்டான். பூ வீடு இதுதானேன்னு கேட்டான் போல. நான் தலையாட்டிட்டேன். எனக்கு என்ன புரியுது!"

அவள் வெகுளியாகத்தான் சிரித்தாள். ரமணியும் சிரித்த மாதிரி வாயை இழுத்துக்கொண்டு பெட்டியை வாங்கினாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. குரு பெட்டியைப் பிரித்துத் தட்டுகளை எண்ணிப் பார்த்து "எல்லாம் சரியா இருக்கே, ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்று கேட்டான். என்னவென்று சொல்வது? அறுபது வயதை நோக்கிப் போகிற மனுஷி, பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் என் பெயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று அழ முடியுமா? ஆனால் தூக்கிக்கொண்டுதான் போய்விட்டாள். அன்று மதியச் சோற்றைத் தொடவே இல்லை.

அடுத்த மாதம் தஸ்லீமாவின் பாத்தியில் ஓரமாக இருந்த இட்லிப்பூச் செடிகளின் இலை மஞ்சளித்தது. ரமணி அதை அவளுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. தினமும் காலையில் தன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அந்த மஞ்சள் கூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். கூடிக்கொண்டுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பர்வேஸ் தஸ்லீமாவையும் ரமணியையும் சுங்கை பூலோ பக்கம் ஒரு நர்சரிக்குக் காரில் கூட்டிப் போனான். அவன் காரிலேயே குழந்தையோடு இருந்துவிட்டான். பேசுவதற்குத்தான் ரமணி அக்கா இருக்கிறாளே. நர்சரி முதலாளி, இங்கே தவுக்கே என்பார்கள், வயதான சீனர். தஸ்லீமா போனில் இலையைக் காட்டினாள். அவர் அதை விட்டுவிட்டு விரலால் தள்ளித் தள்ளிப் பாத்தியின் மற்ற படங்களையெல்லாம் பார்த்தார். எந்த லேண்ட்ஸ்கேப் ஆள் செய்தது என்று கேட்டார். ரமணி மொழிபெயர்த்தாள். நானேதான் என்று தஸ்லீமா நெஞ்சில் கை வைத்தாள். ரமணி அதையும் மொழிபெயர்த்தாள். தவுக்கே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, இந்தப் பெண்ணுக்குக் கை ராசி, வந்து என்னிடம் வேலைக்குச் சேரச் சொல் என்றார். அதையும் ரமணிதான் தன் வாயால் சொல்லவேண்டியிருந்தது. இவ்வளவு நேரமும் அவர் ரமணி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்கு அவள் பேசுகிற ஒரு குழாய், அவ்வளவுதான்.

கடைசியில் அவர் இலை விஷயத்துக்கு வந்தார். மண் புளித்துப் போயிருக்கிறது, "தாரோ காப்பூர்" என்றார். காப்பூர் போடு. தன்னிடம் தீர்ந்துவிட்டது, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

"காப்பூர்னா என்னாக்கா?"

காப்பூர் என்றால் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுவதும் அதுதான், மண்ணின் புளிப்பை எடுப்பதும் அதுதான். ரமணிக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருடம் அரசாங்க மலாய் பேசியவள். ஆனால் காப்பூர் பாரூஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அலமாரியில் துணிக்கு நடுவில் பூச்சி வராமல் போடுகிற வெள்ளை உருண்டை.

"அந்துருண்டைம்மா" என்றாள் ரமணி. "மளிகைக் கடையில காப்பூர் பாரூஸ்னு கேளு, பாக்கெட்டா குடுப்பான். நல்லா நாலஞ்சு பாக்கெட் போடு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. விழுந்த பிறகாவது திருத்தியிருக்கலாம். கார் வரைக்கும் நடக்க ஐம்பது அடி இருந்தது. வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் இருந்தது. திருத்தவில்லை. இலை இன்னும் கொஞ்சம் மஞ்சளாகட்டும், ஒரு ஓரம் கருகட்டும், அதற்கு மேல் ஒன்றும் ஆகிவிடாது என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தஸ்லீமா முன் சீட்டிலிருந்து திரும்பி, "அக்கா மட்டும் இல்லேன்னா நான் இந்த ஊருல ஊமைதான்" என்றாள்.

மறுநாளே அவள் ஐந்து பாக்கெட் அந்துருண்டையை அம்மியில் தட்டி, பாத்தி நெடுகத் தூவி மண்ணைக் கிளறிவிட்டாள். வாடை ரமணி வீட்டுச் சமையலறை வரை வந்தது. பர்வேஸுக்கு மட்டும் தெரியவில்லை. துணிக்கடைத் தூசியில் தும்மித் தும்மி அவன் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்தத் தெருவில் ஏழெட்டு அனாதைப் பூனைகள் உண்டு. கிளறிய மண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவை வெளிக்குப் போகும். இத்தனை நாளும் அவற்றுக்கு தஸ்லீமாவின் பாத்திதான் கக்கூஸ். ஓரத்துச் செடிகளின் இலை மஞ்சளித்ததற்குப் பாதிக் காரணம் அதுவோ என்னவோ, யார் கண்டது? அந்துருண்டை வாடை பட்டதும் அத்தனை பூனைகளும் சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. காலையில் பூப் பறிக்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நந்தியாவட்டையின் வேர் வெளியே கிடந்தது. மல்லிகைத் தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. சாமிக்குப் போகிற பூ அசுத்தப்பட்டுவிட்டதே என்று ஒருத்தி மறுநாளிலிருந்து வருவதையே நிறுத்தினாள். அந்தப் பக்கத்தில் பாத்தி முன்னைவிடச் செழித்து நின்றது.

"அக்கா, நீங்க சொன்ன வைத்தியம் சூப்பர்! ஒரு பூனை வரல!" என்றாள் தஸ்லீமா, இடுப்பில் குழந்தையோடு. தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். பூ வீட்டு அக்கா சொல்லித்தான் செய்தேன் என்று பேர் சொல்லிச் சொன்னாள்.

குரு சங்கடப்படாமல் விழுந்து விழுந்து சிரித்தான். "பூ வீடு போயி பூனை வீடு ஆயிடுச்சு ரமணி!"

"வாய மூடுங்க!" என்று ரமணி கத்தியதில் வாசலில் இருந்த பூனையே ஓடிவிட்டது. தன் பாத்தியிலும் இரண்டு உருண்டை போட்டால் பூனை போய்விடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் போடமாட்டாள். போட்டால் தஸ்லீமாவைப் பார்த்து இவள் செய்கிறாள் என்று ஆகிவிடும். தினமும் முறத்தால் அள்ளிக் கொட்டினாள். அள்ளும்போதெல்லாம் வேலிக்கு அப்பால் அந்தச் சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தன. கடவுளே, அது ஒருநாள் காலையில் இல்லாமல் போய்விடக் கூடாதா என்று வேண்டினாள். சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே வேண்டினாள்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். தஸ்லீமா கேட்டைத் தட்டினாள். முக்காடு சரிந்து கிடந்தது.

"அக்கா, புள்ளையக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு நாளா சொணங்கிப் போய்க் கெடக்கான். மூத்திரம் கட்டங்காப்பி மாதிரி போவுது. மச்சானுக்கு அடிச்சா போன எடுக்க மாட்டேங்குறாக." பர்வேஸை அவள் மச்சான் என்றுதான் சொல்வாள்.

ரமணி குழந்தையை வாங்கினாள். ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தூக்கிய கை. தூக்கியதும் தெரிந்துவிட்டது. உதடு வெளுத்திருந்தது. கண்ணிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள், உள்ளே மஞ்சள்.

"இவனோட கிளினிக் புக் எங்க?"

தஸ்லீமா கொண்டுவந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு சிறிய அட்டை ஒட்டியிருந்தது. இந்த நாட்டில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் பிறந்த உடனே ஒரு இரத்தச் சோதனை செய்வார்கள். சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் ஒரு சத்துக் குறைவு இருக்கும். ஜி சிக்ஸ் பி டி என்பார்கள். மற்றபடி ஒரு குறையும் தெரியாது. ஆனால் சில பொருட்கள் பக்கத்தில் வந்தால் போதும், வாடை பட்டால் போதும், இரத்தம் உள்ளேயே உடைய ஆரம்பித்துவிடும். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது அந்துருண்டை. இருபத்தெட்டு வருடம், வாரத்துக்கு இரண்டு மூன்று தாய்மார்களுக்கு, இதே வாயால் ரமணி சொன்ன வார்த்தை அது.

அவள் அட்டையை இன்னொரு முறை படித்தாள்.

"இதைப் பத்தி உனக்கு யாரும் சொல்லலியா?"

"சொன்னாக அக்கா. ஊபாட் கெகாட்டுன்னு ஒரு மருந்து, அதக் குடுக்கவே கூடாதுன்னு மச்சான் படிச்சுப் படிச்சுச் சொன்னாக. நான் எந்த மருந்தும் குடுக்கலியே!"

ஊபாட் என்றால் மருந்துதான். ஆனால் ஊபாட் கெகாட் என்றால் பூச்சி மருந்து, அந்துருண்டைக்கு மலாயில் இன்னொரு பெயர். கிள்ளானில் பிறந்த பர்வேஸுக்கு அது புழங்கிய வார்த்தை, சொல்லிவிட்டுப் போய்விட்டான். கீழக்கரைப் பெண் அதைக் குடிக்கிற மருந்து என்று நினைத்து, பாட்டில் பாட்டிலாகப் பெயரைப் பார்த்து ஒதுக்கி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் நாள் முழுக்கப் பாத்தி ஓரத்தில் குழந்தையை உட்காரவைத்துக் களை பிடுங்கியிருக்கிறாள். அவன் மண்ணை அள்ளி விளையாடியிருக்கிறான்.

குரு காரை எடுத்தான். ஆஸ்பத்திரி போகும் வழி முழுக்க தஸ்லீமா ஓதிக்கொண்டே வந்தாள். ரமணி பின்சீட்டில் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மனதுக்குள் ஓடியதைச் சொன்னால் காறித் துப்புவீர்கள், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அட்டையைக் காட்டினால் டாக்டரே கண்டுபிடித்துக்கொள்வார். இவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரத்தில் மண்ணைக் கிளறி உருண்டையை அள்ளிவிடலாம். யாருக்குத் தெரியும்? தெரிந்தால் அப்புறம் அந்தத் தெருவில் அவளுக்கு என்ன பெயர்? பூ வீட்டுக்காரி செய்த காரியத்தைப் பார் என்பார்கள். பிள்ளைக்கு விஷம் வைத்த வீடு என்று வழி காட்டுவார்கள். இப்படியே யோசித்துக்கொண்டு வந்தாள். கையில் பிடித்திருந்த அந்தச் சின்னக் கால் சில்லிட்டிருந்தது.

அவசரப் பிரிவில் இளம் மலாய் டாக்டர். அட்டையைப் பார்த்ததுமே நிமிர்ந்தார். தஸ்லீமாவைப் பார்த்து வேகமாகக் கேட்டார், வீட்டில் ஊபாட் கெகாட் இருக்கிறதா என்று.

தஸ்லீமாவுக்கு அந்த ஒரு வார்த்தை பிடிபட்டது. இரண்டு கையையும் பலமாக ஆட்டினாள். தனக்குத் தெரிந்த மலாய் எல்லாவற்றையும் கூட்டி, "தா அடா! ஊபாட் தா அடா!" என்றாள். இல்லை, மருந்தே இல்லை.

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டினார். பிறகு ரமணியைப் பார்த்தார். நீங்கள் இவர்களுக்கு மொழி பெயர்க்கிறீர்களா, அந்தப் பட்டியலில் உள்ள பெரிய அவரை, சீன மருந்து ஏதாவது கொடுத்தார்களா என்று கேளுங்கள் என்றார்.

ரமணி கேட்கவில்லை.

"இருக்கிறது டாக்டர்" என்றாள் மலாயில். "வீட்டுக்குள் இல்லை, வாசல் மண்ணில். ஐந்து பாக்கெட். மூன்று வாரமாக. நான்தான் போடச் சொன்னேன்."

டாக்டர் ஒரு வினாடி அவளையே பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"என்னாக்கா சொன்னீங்க? டாக்டர் ஏன் அப்படிப் பாத்தாரு? அக்கா?"

மலாயில் சொல்வது எவ்வளவோ சுலபமாக இருந்தது. தமிழில் சொல்ல ரமணிக்கு நாக்கு எழவில்லை.

"தஸ்லீமா... காப்பூர்னா சுண்ணாம்பும்மா. அந்துருண்டை இல்ல. ஊபாட் கெகாட்னா அதான் அந்துருண்டை. புள்ளைக்கு அதான் ஒத்துக்கல."

"தெரியாமத்தானே சொன்னீங்க" என்றாள் தஸ்லீமா உடனே. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தெரியாம வாயில வந்துச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவளே வழிவிட்டுக் கொடுத்துவிட்டாள். ரமணி நிறுத்தவில்லை.

"இல்லம்மா. எனக்கு அன்னிக்கே தெரியும். ஒன் தோட்டம் அழகா இருந்துச்சு. எனக்கு வயித்தெரிச்சல். அதான் சொன்னேன்."

தஸ்லீமா அழுவதை நிறுத்திவிட்டாள். எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கிப்போன கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். பர்வேஸ் மூச்சிரைக்க வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றாள்.

ஜைத் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் முகத்தில் நிறம் வந்து, நர்ஸின் பேனாவைப் பிடித்து இழுத்தான் என்று குரு கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். பர்வேஸ் குருவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, "புள்ள வீட்டுக்கு வர்றதுக்குள்ள அந்த மண்ண எல்லாம் எடுத்துருங்க அண்ணே" என்று மட்டும் சொன்னானாம்.

ரமணிதான் எடுத்தாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, இட்லிப்பூ ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்கினாள். நித்தியகல்யாணியைப் பிடுங்கினாள். பத்துமணிப்பூவை வாரிச் சுருட்டினாள். வளைந்து வளைந்து ஓடிய செங்கல் வரிசையை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். ஒவ்வொரு கல்லும் ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் இருந்தது. எவ்வளவு பொறுமையாக வைத்திருக்கிறாள் பாவி மகள் என்று நினைத்தபோது அடக்க முடியாமல் அழுகை வந்தது. அவளும் குருவுமாக முக்கால் முழ ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி முப்பத்திரண்டு சாக்கு கட்டினார்கள். காரை நிறுத்திய டீச்சர் கண்ணாடியை இறக்கி, ஐயோ, ஏன் என்று கேட்டாள். மண் சரியில்லை என்றாள் ரமணி. ஆஸ்பத்திரியில் வந்த உண்மை தெருவில் வரவில்லை. என்ன செய்வது, அவள் அப்படித்தான்.

பர்வேஸ் அந்த இடத்தைச் சிமெண்டு போட்டு மூடிவிட்டான். இப்போது அங்கே அவன் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தஸ்லீமா தெருவில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரமணி காதுக்கு ஒரே நாளில் வந்திருக்கும். பூனைகள் நாலா பக்கமும் கலைந்துபோயின. பூப் பறிக்க வருகிறவர்கள் மறுபடி வருகிறார்கள். பார்சல் பையன்கள் தடுமாறாமல் நேராக வந்து நிற்கிறார்கள். அந்தத் தெருவில் பூ வீடு என்றால் இப்போது ஒரே வீடுதான். அவள் சாமியிடம் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஒரு காலைப்பொழுதில்தான் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். தஸ்லீமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றிருந்தாள். தண்ணீர் ஆபீஸ் ஆள் மீட்டரைப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ மலாயில் கேட்டான். அவள் வேலிப் பக்கம் திரும்பவில்லை. போனை எடுத்து, அதில் பேசி, அது மலாயில் சொன்னதை அவனுக்குக் கேட்கும்படி நீட்டினாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

ரமணி செம்பருத்திக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"தஸ்லீமா, புள்ள எப்படிம்மா இருக்கான்?"

தஸ்லீமா திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. வங்கி வரிசையில் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒரு பெரிய மனுஷிக்குக் காட்டுகிற மரியாதை இருந்தது.

"நல்லா இருக்கான் ஆன்டி. நீங்க சாப்டீங்களா ஆன்டி?"

"சாப்ட்டேம்மா" என்றாள் ரமணி.

அவள் அன்று அதுவரை எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.